ஈன், ஐன்: சேதன இரசாயனப் பெயரீட்டின் இரண்டு ஈறுகள் பற்றிய விமரிசன நோக்கு

எதேன், எதீன், எதைன் என்னும் மூன்று சொற்களும் ஓருயிரொலி அளவிலேயே தம்முள் வேறுபடுகின்றன. அவை குறிக்கும் பொருள்களோ முற்றிலும் வேறானவை. முதலாவதில் இரண்டு காபன் அணுக்களும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்து ஆறு ஐதரசன் அணுக்களைத் தாங்குகின்றன. இரண்டாவதில் இரட்டைப் பிணைப்பும் நான்கு ஐதரசன் அணுக்களும் உள்ளன. மூன்றாவதில் மும்மைப் பிணைப்பும் இரண்டே ஐதரசன் அணுக்களும் உள்ளன. பிணைப்பு வலுக்குந்தோறும் காபன் அணுக்களுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 154, 134, 120 பிக்கோமீற்றர் எனக் குறுகிச் செல்கின்றது. பிணைப்புக் கோணமோ ஏறத்தாழ 109, 120, 180 பாகை என விரிந்து செல்கின்றது. எதீனின் ஆறு அணுக்களும் ஒரு தளத்திற் கிடக்கின்றன; எதைனின் நான்கு அணுக்களும் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன. இத்தனை செய்தியையும் ஓர் உயிரெழுத்தின் தோளில் ஏற்றிவைத்ததே சேதன இரசாயனப் பெயரீட்டின் தனிச்சிறப்பு எனலாம். அந்த உயிரெழுத்தைத் தமிழில் நாம் எவ்வாறு எழுதி வருகின்றோம், அவ்வாறு எழுதியதால் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பதே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றது.

எழுத்துக்கூட்டல் பற்றிய இவ்வாராய்ச்சி இலக்கணப் புலவரின் பொழுதுபோக்கு என்று இரசாயனம் பயில்வோர் கருதலாம். அவ்வாறு ஒதுக்கிவிடக்கூடிய பொருளன்று இது. நம் நாட்டில் தமிழ்மொழி மூலம் உயர்தர வகுப்புவரை விஞ்ஞானம் கற்ற மாணவன், பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலேயே ஆங்கில விரிவுரைக்குள் நுழைகின்றான். வினைச்சொல்லும் இணைப்புச் சொல்லும் புரியாது தடுமாறும் அவ்வேளையில் அவனுக்குப் பழகிய முகமாகத் தோன்றுவன சேர்வைகளின் பெயர்கள் மட்டுமே. ஒலிபெயர்ப்பு முறையை நம் கலைச்சொல்லாளர் தெரிந்தெடுத்தமைக்குக் கூறப்படும் தலையாய நியாயமும் இதுவே. பின்னாளில் ஆங்கிலத்துக்கு மாறுவோனுக்குப் பாலம் வேண்டும் என்றனர். எனவே அப்பாலம் பாரத்தைத் தாங்குகின்றதா என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

இவ்வீறுகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் நோக்குவோம். 1866 ஆம் ஆண்டில் செருமானிய இரசாயனவியலாளர் ஒகஸ்ற் வில்லெம் ஹொவ்மான், ஐதரோக்காபன்களுக்கு ஒழுங்கான பெயர்வரிசை ஒன்றை முன்மொழிந்தார். உரோமன் நெடுங்கணக்கில் உயிரெழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில் அவற்றை ஈறுகளுக்கு வழங்கினார். நிரம்பிய ஐதரோக்காபனுக்கு முதலுயிர். இரண்டு ஐதரசன் குறைந்ததற்கு இரண்டாம் உயிர். நான்கு குறைந்ததற்கு மூன்றாம் உயிர். இவ்வாறே ஐந்தாம் உயிர்வரை. அகரவரிசை தெரிந்த எவருக்கும் அந்த ஏணி தானே விளங்கும். 1892 இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடு இவற்றுள் முதல் மூன்றையும் ஏற்று, அவற்றை முறையே ஒற்றை, இரட்டை, மும்மைப் பிணைப்புகளுக்கு உரியனவாக்கியது. அதன்பின் ஒரு சிக்கல் எழுந்தது. மும்மைப் பிணைப்புக்குரிய மூன்றாம் உயிரின் ஈறு, அமீன் முதலிய நைதரசன் மூலங்களின் ஈற்றோடும், குளோரீன் முதலியவற்றின் ஆங்கில ஈற்றோடும் எழுத்தளவில் ஒன்றாகிவிட்டது. 1930 இல் லியேஜ் நகரில் ஏற்கப்பட்ட விதிகள், மும்மைப் பிணைப்பின் ஈற்றில் அவ்வுயிரெழுத்தை நீக்கி, கிரேக்கத்திலிருந்து வந்த வேறோர் எழுத்தை வைத்து அம்மயக்கத்தைத் தீர்த்தன. ஐரோப்பியர் தமக்குள் மயக்கம் நேர்ந்தபோது ஓரெழுத்தை மாற்றத் தயங்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தமிழில் இந்த ஏணி எவ்வாறு வந்து சேர்ந்தது? ஏன், ஈன், ஐன் என்று வந்தது. நம் நெடுங்கணக்கின்படி அடுக்கினால் ஈகாரம் முன்னும், ஏகாரம் அடுத்தும், ஐகாரம் அதற்கடுத்தும் நிற்கும். இரட்டை, ஒற்றை, மும்மை என்று ஏணியின் படிகள் இடம் மாறிவிட்டன. ஹொவ்மான் எழுத்தின் வரிசையிலே வைத்த பொருள் தமிழில் முற்றாக மறைந்துவிட்டது. ஏனெனில் நாம் பெயர்த்தது எழுத்தையன்று. ஆங்கிலேயர் அவ்வெழுத்தை உச்சரிக்கும் ஒலியை. செருமானிய மாணவன் இதே மூன்று பொருள்களையும் ஏறத்தாழ எத்தான், எத்தேன், எத்தீன் என்று உச்சரிக்கின்றான். அவன் வாயில் எத்தேன் என்பது இரட்டைப் பிணைப்பு. நம் வாயில் அது ஒற்றைப் பிணைப்பு. அவன் எத்தீன் என்பது மும்மை. நமக்கு அது இரட்டை. சர்வதேசப் பெயரீட்டைத் தழுவினோம் என்று நாம் கூறிக்கொள்வது அரையளவே உண்மை. உலகத்துக்குப் பொதுவானது எழுத்து. நாம் கைக்கொண்டதோ ஒரு நாட்டாரின் நாவசைவு. இதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒலியைத் தழுவியது முறையென்றே வைத்துக்கொண்டாலும், தழுவிய ஒலிகள் தமிழினுள் தம்முள் மயங்காது நிற்கின்றனவா என்பதே உரிய வினா. நிற்கவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஈன் என்னும் ஈற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பாடநூல்களில் அற்கீன், எதீன், பியூற்றீன் என வருவன இரட்டைப் பிணைப்புடையன. அதே நூல்களில் குளோரீன், புரோமீன், அயடீன், புளோரீன் என அலசன்களும் ஈன் என்றே முடிகின்றன. அமீன், அனிலீன் ஆகியனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் இவற்றின் ஒலி ஏறத்தாழ ஒன்றாயினும் எழுத்து வேறு. பார்த்த மாத்திரத்திற் பிரித்தறியலாம். ஒலிக்கும் எழுத்துக்கும் இடைவெளி வையாத தமிழில், கண்ணுக்குக் கிடைத்த அந்த உதவி அற்றுப்போயிற்று. தமிழ்நாட்டார் குளோரின், புரோமின் எனக் குறிலிட்டு எழுதுவர். அது கவனக்குறைவாலோ உச்சரிப்புப் பழக்கத்தாலோ நேர்ந்திருக்கலாம், விளைவு நன்று. இகரக் குறில் அலசனுக்கு, ஈகார நெடில் அற்கீனுக்கு என்ற பாகுபாடு அங்கே தற்செயலாகக் கிடைத்திருக்கின்றது. அவர்களும் அமீன், அனிலீன் என்றே எழுதுவதால் அப்பாகுபாடு முழுமையானதன்று. ஆயினும் இவ்வொரு விடயத்தில் அக்கரை வழக்கு இக்கரை வழக்கிலும் சிறந்தது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு நாணம் வேண்டியதில்லை.

இது போதாதென்று பழைய வழக்குப் பெயர்கள் வேறு குழப்பம் விளைவிக்கின்றன. பென்சீன் ஈன் என முடிகின்றது. ஆனால் அது அற்கீனைப் போல் புரோமீன் நீரின் நிறத்தை நீக்குவதில்லை. பொலித்தீன் பை என்று நாம் நாள்தோறும் கூறும் பொருள் எதீனிலிருந்து பிறந்ததே. பிறந்தபின் அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஈன் என்பது தமிழிற் பிள்ளை பெறுதலைக் குறிக்கும் வினையடி என்பதை நினைத்துக்கொண்டால், தாயின் பெயரைப் பிள்ளை சுமக்கின்றது என்று சமாதானம் கூறலாம்! அசற்றலீன் விடயத்தில் அச்சமாதானமும் செல்லாது. அது மும்மைப் பிணைப்புடைய எதைனின் மறுபெயர். 1836 இல் எட்மண்ட் டேவி கண்டறிந்த அவ்வாயுவுக்குப் பின்னாளில் பேர்த்தலோ இட்ட பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. இதிற் சுவையான செய்தி ஒன்றுண்டு. தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியம் 2013 இல் வெளியிட்ட பரிந்துரைகளில், எதிலீன் என்ற பழைய பெயரைக் கைவிட்டு எதீன் என்பதையே விரும்பப்படும் பெயராகக் கொண்டது. அசற்றலீனையோ கைவிடவில்லை, எதைன் என்பதைப் பொதுவழக்கில் அனுமதித்து, அசற்றலீனையே விரும்பப்படும் பெயராக வைத்துக்கொண்டது. ஒழுங்கின் காவலரே ஒழுங்கீனத்துக்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கின்றனர்.

அசற்றலீன் ஓர் அற்கைன் என்பது பெயரால் மறைக்கப்படுவதன் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. பேராதனையிலிருந்து கொழும்பு வீதியிற் சென்றால் பிலிமத்தலாவையில் இருமருங்கும் பித்தளைப் பொருள்களின் கடைகளைக் காணலாம். அவற்றின் பின்னணியில் கடலாதெனியப் பகுதியின் வார்ப்புத் தொழில் உண்டு. பித்தளையோ செம்பும் நாகமும் கலந்தது. மும்மைப் பிணைப்பின் முனையிலுள்ள ஐதரசன் மெல்லிய அமிலத்தன்மை உடையது. அதனை உலோகம் பெயர்க்கவல்லது. செம்போடு நீண்டநேரம் தொடர்புறும் அசற்றலீன் செம்பு அசற்றலைட்டைத் தோற்றுவிக்கலாம்; உலர்ந்த நிலையில் அது தட்டினாலே வெடிக்கும். அதனாலேயே ஒட்டுவேலைக் கூடங்களில் அசற்றலீன் செல்லும் குழாய்களையும் பொருத்துகளையும் செம்பாலோ, ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்குக்கு மேற்பட்ட செம்புடைய கலப்புலோகத்தாலோ செய்தல் விலக்கப்பட்டுள்ளது. எதீனுக்கு இந்த இயல்பு இல்லை. பெயரின் ஈற்றை நம்பிய மாணவன் அசற்றலீனை எதீனின் இனத்திற் சேர்ப்பானாயின், பரீட்சைத் தாளில் இழப்பது இரண்டு புள்ளி. பட்டறையில் இழக்கக்கூடியது வேறு. எனவே பாடநூல்கள் அசற்றலீன் என எழுதுமிடமெல்லாம், சர்வதேச ஒன்றியம் எதை விரும்பினும், எதைன் என்பதை உடன் எழுதவேண்டும் என்பது எம் துணிபு.

ஐன் என்னும் ஈற்றின் நிலை இன்னும் நுட்பமானது. சொல்லின் முதலல்லாத இடங்களில் ஐகாரம் தன் மாத்திரையிற் குறுகும் என்பது தமிழிலக்கணம் அறிந்த செய்தி. ஐகாரக்குறுக்கம் என்று அதனைப் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். மனைவி, வளையல், உடைந்தது என்பவற்றை நாம் பேசும்போது அந்த ஐ எங்கே போகின்றது என்பதைச் செவி கொடுத்துக் கேட்டால் விளங்கும். மும்மைப் பிணைப்பைக் காட்டும் முழுப்பொறுப்பையும் நாம் ஒப்படைத்திருப்பது, தமிழ் தன் இயல்பாலேயே தேய்த்துவிடும் ஓர் ஒலியிடம், அது தேயும் அதே இடத்தில். எதைன் என ஆசிரியர் விரைந்து கூறின் பின்வரிசை மாணவனுக்கு அது எதேன் என்று கேட்கும். எழுத்திலும் பாதுகாப்பில்லை, தே, தை என்பன முன்னிற்கும் சிறு குறியால் மட்டுமே வேறுபடுவன, அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றே. மிகவும் தொலைவில் நிற்கவேண்டிய ஒற்றையும் மும்மையும் இவ்வாறு மிக நெருங்கி நிற்கின்றன. அயின் என விரித்து, எதயின், அற்கயின் என்று எழுதினால் இம்மயக்கம் நீங்கும். சிங்களப் பாடநூல்கள் கைக்கொள்ளும் முறையும் இதற்கு அண்மையானதே. பழகிய கண்ணுக்கு அது முதலில் உறுத்தும். பழகாத காதுக்கு உதவும்.

புணர்ச்சி பற்றியும் சில கூறவேண்டும். பிணைப்பின் இடத்தைக் காட்டும் எண்ணைப் பெயரின் தொடக்கத்தில் வைப்பது பழைய வழக்கு. ஈற்றுக்கு நேர் முன்னே வைப்பது இன்றைய வழக்கு. 2-பியூற்றீன் என்றிருந்தது பியூற்-2-ஈன் ஆயிற்று. உரோமன் எழுத்தில் சொல்லை எங்கு வெட்டினும் எழுத்து முழுமையாக நிற்கும். தமிழிலோ மெய்யும் உயிரும் ஓருருவாய்க் கலந்து நிற்பதால், றீ என்பதை வெட்டினால் ற் ஒருபுறமும் ஈ மறுபுறமுமாகப் பிரியவேண்டும். பிரித்த ஒற்றை றகரத்தோடு ஈயை மீண்டும் சேர்த்தால் பியூறீன் என்றாகிவிடும். வல்லொலி வேண்டின் இன்னொரு றகரம் வேண்டும். தனிக்குறிலையடுத்த ஒற்று உயிர் வர இரட்டும் என்னும் நன்னூலார் விதியின்படி எத் என்பதும் ஈன் என்பதும் சேர்ந்து எத்தீன் ஆதல் வேண்டும். நாம் எழுதுவதோ எதீன். தகரத்தை ஈழத்து வழக்கில் றகரத்தாலும் தமிழ்நாட்டு வழக்கில் டகரத்தாலும் எழுதுவதால் பியூற்றீன், பியூட்டீன் என்னும் இரட்டை வழக்கு வேறு. நுனியண்ண ஒலிக்கு றகரமே பொருத்தம் என்ற நம்மவர் வாதம் ஒலியியலளவிற் சரியானது. ஆனால் மூட்டுகளில் இடறுவது அந்த றகரமே. புணர்ச்சி விதியை இரசாயனப் பெயர்களுக்குள் நுழையவிடாது, உறுப்புகளை இடைக்கோட்டாற் பிரித்தே எழுதுவது என்று முடிவு செய்தால் இத்தொல்லைகளுட் பெரும்பாலானவை தீரும்.

இவையெல்லாம் ஒலிபெயர்ப்பால் வந்த வினை, தூய தமிழ்ச் சொல்லே மருந்து என்பார் உளர். கரிமம், நீரகம் என்ற சொற்களை அவர் காட்டுவர். தனிமங்களின் பெயரளவில் அச்சொற்களின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் சேதனச் சேர்வைகள் கோடிக்கணக்கானவை. அவற்றுக்கு வேண்டுவது சொற்களல்ல, சொல்லாக்கும் பொறி. ஓர் உறுப்பை மாற்றினால் உலகெங்கும் அதே பொருள் மாறவேண்டும். நம் முன்னோர் இதனை உணராதவரல்லர். யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன், வெல்சின் நூலைத் தழுவி 1875 இல் நாகர்கோயிலில் அச்சான இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயரிட்டார். வேற்றுச்சொல்லின் உடலுக்குத் தமிழின் அம் ஈற்றைப் பூட்டிய அப்பெயர் இன்று நகைப்பூட்டலாம். அதன் பின்னாலிருந்த சிந்தனை நகைப்புக்குரியதன்று. விஞ்ஞானப் பட்டதாரியாகவும் பண்டிதராகவும் இருந்து, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் வழிவந்த நாம், இரண்டு அணியாகப் பிரிந்து நின்று வாதிடுவதை விட்டு, எதை ஒலிபெயர்ப்பது எதை மொழிபெயர்ப்பது என்று வகுப்பதே பயனுடைய வேலை.

பிலிமத்தலாவைக்குத் தெற்கே மலைப்பாறையில் நிற்கும் லங்காதிலக விகாரையில், பதினான்காம் நூற்றாண்டுக் கொடைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அச்சாசனம் போன்ற எந்த இருமொழி ஆவணத்தை எழுதுவோனும் ஒரு தெளிவுடன் எழுதவேண்டியவன். ஊரின் பெயரை ஒலியால் எழுதலாம். கொடுத்தான் என்பதைத் தன் மொழியிற் சொல்லியே ஆகவேண்டும். பொருளின் பெயர் ஒன்று, உறவைக் குறிக்கும் சொல் வேறொன்று. இந்த வேறுபாட்டை நம் கலைச்சொல்லாளர் கைவிட்ட இடம் சிசு, திரான்சு என்ற சொற்களில் மிகத் தெளிவாகத் தெரிகின்றது.

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் எளிதிற் சுழலும். இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல்வதாயின் அதன் ஒரு பங்கை முறித்தாக வேண்டும். ஆதலின் பியூற்-2-ஈனில் இரண்டு மெதைற் கூட்டங்களும் பிணைப்பின் ஒரே பக்கத்தில் நிற்பதும், எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதும் இரு வேறு பொருள்கள். ஒன்று ஏறத்தாழ 4 பாகை சதமவளவிலும் மற்றது ஏறத்தாழ 1 பாகையிலும் கொதிப்பவை. இவற்றுக்கிட்ட அடைமொழிகள் இலத்தீனில் வெறும் நாட்டுச்சொற்கள்: இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை. உரோமர் ஆற்றுக்கும் மலைக்கும் வழங்கியவை அவை. நமக்கோ இப்பால், அப்பால் என இரண்டு சொற்கள் வாயிலேயே இருக்கின்றன. இப்பால் பியூற்-2-ஈன், அப்பால் பியூற்-2-ஈன் என்றால் முதல்நாள் மாணவனுக்கும் வடிவம் கண்முன் தோன்றும். சிசு என்றால் அவனுக்குத் தோன்றுவது தொட்டிற் குழந்தை!

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட நம் நாட்டினும் சிறந்த சான்றிடம் இல்லை. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அம்மரத்தின் பாலிலுள்ள நீண்ட சங்கிலியில் ஐந்து காபனுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு. அத்தனையும் இப்பால் அமைப்பு. அதனாற் சங்கிலி மடிந்து சுருண்டு கிடக்கின்றது. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். மலாய நாட்டுக் கட்டாபேர்ச்சா மரத்தின் பாலிலும் அதே அலகு, அதே எண்ணிக்கையான பிணைப்பு. ஆனால் அப்பால் அமைப்பு. சங்கிலிகள் நேராக அடுக்கிக்கொள்வதால் அது மீள்தன்மையற்ற வன்பொருள்; ஒருகாலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் பால்வெட்டும் தொழிலாளியின் பிழைப்பு இப்பால் என்னும் ஒரு சொல்லில் தொங்குகின்றது. அவர் பிள்ளை உயர்தர வகுப்பில் அச்சொல்லைத் தன் மொழியிற் கேட்கக்கூடாதா?

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரட்டைப் பிணைப்பின் முனைகளில் வெவ்வேறு கூட்டங்கள் நிற்கையில் இப்பால், அப்பால் போதா. முன்னுரிமை விதியின்படி உயர்ந்த கூட்டங்களைத் தெரிந்து, அவை சேர்ந்து நிற்கின்றனவா எதிர்த்து நிற்கின்றனவா என்று நோக்கவேண்டும். அதற்கென வழங்கும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து, எதிரே எனப் பொருள்படும் செருமன் சொற்களின் முதலெழுத்துகளே. 2-புரோமோபியூற்-2-ஈனில் சங்கிலியின் மெதைல்கள் எதிரெதிரே நிற்கும் அமைப்பில், புரோமினும் உயர்ந்த கூட்டமும் சேர்ந்து நிற்பதைக் காணலாம். சங்கிலியை நோக்கின் அப்பால். விதியை நோக்கின் சேர்ந்தது. ஆகவே இருவகைச் சொற்களும் தமிழில் வேறு வேறாகவே இருத்தல் வேண்டும்: முன்னதற்கு இப்பால், அப்பால், பின்னதற்குச் சேர், எதிர்.

பெயரின் ஈறே வகுப்பைக் காட்டும் என்ற நம்பிக்கையும் இப்போது தளர்ந்து வருகின்றது. இரட்டைப் பிணைப்பை உள்ளடக்கிய மிக நீண்ட சங்கிலியைத் தலைமைச் சங்கிலியாகக் கொள்க என்றே நம் பாடநூல்கள் கற்பித்து வந்தன. 2013 பரிந்துரைகள் நீளத்தை முதலில் நோக்குக, நிரம்பாமையைப் பின்னர் நோக்குக என வரிசையை மாற்றிவிட்டன. முன்னர் 2-எதைல்பென்ற்-1-ஈன் எனப்பட்ட பொருள் இன்று 3-மெதிலிடீன்எக்சேன் எனப்படுகின்றது. எக்சேன் என்று முடியும் அப்பெயரைப் பார்த்து நிரம்பிய சேர்வை என முடிவுகட்டுவோன், அது புரோமின் நீரின் நிறத்தை நீக்குவதைக் கண்டு திகைப்பான்.